கடலடியில துளை போட்டு ஆராய்ச்சி பண்ற கப்பல்ல யாராவது வேலை பாத்திருக்கீங்களா? அங்க ஒரு நாள் எப்படிப் போகும்?

நான் போயிருக்கேன். 2015 ஏப்ரல், மே ரெண்டு மாசம், ஜாய்டெஸ் ரெசல்யூஷன்ங்கிற கப்பல்ல. எக்ஸ்பெடிஷன் 355ங்கிற ஆய்வுப் பயணம், கொழும்புல ஏறினோம், மும்பைல இறங்கினோம். அரபிக்கடல்ல லக்ஷ்மி பேசின்னு ஒரு கடலடிப் பள்ளம், தண்ணி ஆழமே 3,600 மீட்டர், அதுக்கும் கீழ ஒரு கிலோமீட்டருக்கு மேல துளை போட்டு சேத்தையும் கல்லையும் எடுத்தோம். இமயமலை எவ்வளவு வேகமா கரைஞ்சுது, பருவமழை எப்ப வலுத்துச்சு எப்ப தளர்ந்துச்சு, இதுக்கெல்லாம் தடயம் சிந்து நதி கொண்டுவந்து கொட்டின அந்த வண்டல்லதான் இருக்கு. எனக்கு அந்த வண்டலைப் பாத்து விவரம் எழுதுற டீம்ல வேலை.

கப்பல் 143 மீட்டர் நீளம். நடுவுல டெரிக்னு பெரிய இரும்புக் கோபுரம், அதுக்கு நேர் கீழ கப்பலோட அடியையே தொறந்து விட்ட மாதிரி ஒரு ஓட்டை, மூன்பூல்னு சொல்வாங்க, குழாய் எல்லாம் அது வழியாதான் கடலுக்குள்ள போகும். அவ்வளவு ஆழத்துல நங்கூரம்லாம் சரிப்படாது, அதனால 12 த்ரஸ்டர், அதாவது தண்ணியைத் தள்ளுற விசிறி, ராத்திரி பகலா கப்பலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி ஒரே எடத்துல நிறுத்தி வச்சிருக்கும். அந்த அதிர்வு படுக்கைலயும் கேக்கும், ரெண்டு வாரத்துல பழகிரும்.

எல்லாருக்கும் 12 மணி நேர ஷிஃப்ட், லீவு நாள்னு ஒன்னு கிடையாது. எனக்கு நடுராத்திரி 12ல இருந்து மதியம் 12 வரைக்கும். கேபின்ல கூட இருந்தவருக்கு எதிர் ஷிஃப்ட், நான் எந்திரிச்சு போனா அவர் வந்து தூங்குவார், அந்த ரூம்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருந்ததே அபூர்வம். சாப்பாடு ஒரு நாளைக்கு நாலு வேளை, நடுராத்திரி வேளையும் சேத்து. சமையல்ல நிறைய பேர் பிலிப்பைன்ஸ்காரங்க, அதனால சோறு எப்பவும் இருக்கும், எனக்கு அது போதும். நாலாவது நாளே மோருக்கு ஏங்கினேன், அது வேற விஷயம். மது கிடையாது. இன்டர்நெட் சாட்டிலைட் வழியா, 100 பேருக்கு மேல பங்கு போட்டுக்கணும், அதனால வீட்டுக்கு நாலு வரி மெயில் போடறதோட சரி. சித்திரை 1 அன்னிக்கு அம்மாகிட்ட மூணு நிமிஷம் பேசினேன், லைன் கட்டாயிருச்சு.

ஆனா அங்க நேரத்தை கடிகாரம் சொல்லாதுங்க, கோர்தான் சொல்லும், அதாவது துளைல இருந்து குழாயோட மேல வர்ற மண் தண்டு. ட்ரில்லர் ஸ்பீக்கர்ல "கோர் ஆன் டெக்"னு சொன்னதும் டெக்னீஷியன்கள் எல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு வெளிய ஓடுவாங்க, ஒன்பதரை மீட்டர் நீள பிளாஸ்டிக் குழாய், உள்ள கடலடிச் சேறு அப்படியே அடுக்கு கலையாம இருக்கும், அதை ஏழெட்டு பேர் தோள்ல தூக்கிட்டு வருவாங்க. ஒன்றரை மீட்டர் துண்டா வெட்டி, மேல் நுனிக்கு நீல மூடி, கீழ் நுனிக்கு நிறமில்லாத மூடி போட்டு அசிட்டோன் தடவி ஒட்டுவாங்க. எந்தப் பக்கம் மேலன்னு மாறிட்டா பல ஆயிரம் வருஷ வரலாறு தலைகீழாயிரும், அதனால அந்த மூடி விஷயத்துல யாரும் அசால்ட்டா இருக்க மாட்டாங்க. மொதல்லயே மீத்தேன், ஈத்தேன் அளவு பாத்துருவாங்க, எண்ணெய்யோ வாயுவோ தேங்கின எடத்துல தெரியாம துளைச்சிடக் கூடாது இல்லையா. அப்புறம் ஸ்கேன் மெஷின்ல போட்டு, நீளவாக்குல ரெண்டா பிளந்து, ஒரு பாதியை மாதிரி எடுக்காம அப்படியே பாதுகாப்பாங்க, இன்னொரு பாதில இருந்துதான் ஆராய்ச்சிக்கு சாம்பிள் எடுப்பாங்க.

பிளந்த பாதி மேஜைக்கு வந்ததும் எங்க வேலை ஆரம்பம். நிறம், மணல் எங்க நிக்குது களிமண் எங்க ஆரம்பிக்குது, புழு துளைச்ச தடம் இருக்கா, எல்லாம் சென்டிமீட்டர் கணக்குல. பல் குத்துற குச்சியால துளி சேறு எடுத்து கண்ணாடித் தகடுல தடவி மைக்ராஸ்கோப்ல பாப்போம். ஈரமா, பச்சையும் சாம்பலும் கலந்த அந்த மண்ணை மொத மொதல்ல பாக்குற கண்ணு நம்மளோடதுன்னு நினைச்சப்ப ராத்திரி மூணு மணிக்கும் தூக்கம் வரல எனக்கு.

மறக்க முடியாதது ரெண்டு. ஒன்னு, ஆழம் போகப் போக திடீர்னு அடுக்கெல்லாம் குழம்பி, சுண்ணாம்புக்கல் துண்டு துண்டா களிமண்ணோட கலந்து வந்துச்சு. புதைபடிவம் பாக்குறவங்க வயசு மாறி மாறி வருதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டாங்க. சுமார் 1 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவோட மேற்குக் கரையை ஒட்டின கடலடிச் சரிவு இடிஞ்சு ஆழத்துக்கு வந்து விழுந்த குப்பை அது, உலகத்துலயே பெரிய கடலடிச் சரிவுகள்ல ஒன்னு. நடராஜா சரிவுன்னு அதுக்குப் பேரு வச்சிருக்காங்க. அந்தக் கல்லை கைல வாங்கிப் பாத்தப்ப எனக்கு பேச்சே வரல.

இன்னொன்னு ஏப்ரல் 25. நேபாளத்துல பூகம்பம்னு மெயில்ல சேதி வந்துச்சு, 7.8. நேபாளத்து ஆறுகள் கங்கைக்குத்தான் போகும், எங்க சிந்து வண்டலுக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இல்ல, ஆனா மலைத்தொடர் ஒன்னுதானே. கைல அந்த மலையோட தூள், அங்க அதே மலை அசைஞ்சு ஆயிரக்கணக்குல ஜனங்க செத்துப் போயிருக்காங்க. அந்த ஷிஃப்ட்ல யாரும் அதிகம் பேசிக்கல. கோர் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

டெக்ல இருக்குற ட்ரில் ஃப்ளோர் ஆட்களைப் பத்தி யாருமே எழுத மாட்டேங்கறாங்க, அது எனக்கு வருத்தம். வெளியில வெயிலு, எண்ணெய், காதடைக்கிற சத்தம். குழாய் நுனில பாறையை அறுக்குற பிட் தேஞ்சா அத்தனை கிலோமீட்டர் குழாயையும் ஒவ்வொரு துண்டா கழட்டி மேல ஏத்தணும், புது பிட் மாட்டி திரும்ப இறக்கணும், கடலடியில இருக்குற புனல் வாயை கேமராவுல தேடி அதுக்குள்ள குழாயை நுழைக்கணும். எங்க ஆய்வுக் கட்டுரைல அவங்க பேர் எங்கயோ நன்றி பகுதில ஒரு வரியா வரும். கடைசி வாரங்கள்ல, ரெண்டாவது எடத்துல கடலடில இருந்து சுமார் 1,090 மீட்டருக்குக் கீழ பசால்ட்ங்கிற எரிமலைப் பாறை வந்தப்ப லேப்ல இருந்த எல்லாரும் கூடிட்டோம், பாறையை எட்ட வச்ச அந்த ஆளுங்க அப்ப அடுத்த குழாயை மாட்டிக்கிட்டு இருந்தாங்க.

அந்தக் கப்பல் இப்ப ஓடல. அமெரிக்கா பணத்தை நிறுத்தினதால 2024 ஆகஸ்ட்ல ஆம்ஸ்டர்டாம்ல கடைசிப் பயணத்தை முடிச்சிருச்சு, கேள்விப்பட்ட அன்னிக்கு சாப்பிடப் பிடிக்கல. நாங்க எடுத்த கோர் எல்லாம் ஜப்பான்ல கோச்சில குளிர் அறைல இருக்கு. ஆராய்ச்சி பண்றவங்க காரணம் சொல்லி விண்ணப்பிச்சா சாம்பிள் குடுப்பாங்க, நம்ம ஊர் மாணவர்களும் கேக்கலாம். கேளுங்க.