சவரக்கத்தியின் நுரையை எதில் துடைப்பது?

மடக்குச் சவரக்கத்தி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நாலு இழுப்புக்குள் கத்தியில் நுரையும் முடியும் அப்பிக்கொள்கிறது. பழைய ரேஸர் பழக்கத்தில் வாஷ்பேசின் விளிம்பில் தட்டினேன். கத்தியின் வாயில் (வெட்டும் விளிம்பில்) பொக்கை விழுந்துவிட்டது. சவரத்துக்கு நடுவில் எப்படித்தான் சுத்தம் செய்வது? (திண்டுக்கல்)

பதில்: இந்தக் கத்தியைத் தட்டவும் கூடாது, உதறவும் கூடாது. முதுகு கனமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் குழிவாக அரைத்திருப்பதால் வாய்ப்பக்கம் காகிதம்போல மெலிந்திருக்கும். பீங்கான் விளிம்பு லேசாகப் பட்டாலே போதும், பொக்கைதான்.

இரட்டை பிளேடு ரேஸர் போல இது அடைத்துக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் துடைக்க வேண்டியதில்லை. நுரை ஏறி வாயின் விளிம்பு கண்ணுக்கு மறையும்போது துடைத்தால் சரி. வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தாடையோரம் திருப்புவதில்தான் வெட்டு விழும். நுரை தண்ணியாக இருந்தால் கைப்பிடிப் பக்கம் வழியும். அப்படியானால் நுரையைக் கெட்டியாக்குங்கள்.

துடைக்கும் முறை இது. பருத்தித் துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, நாலாக மடித்து பேசின் ஓரத்தில் வையுங்கள். அதன்மேல் கத்தியைப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, ஒரே இழுப்பு. பிறகு முதுகின்மேலேயே புரட்டி, மறுபக்கத்துக்கு எதிர்த்திசையில் இன்னொரு இழுப்பு. தோல் வாரில் தீட்டும் அதே அசைவுதான். அழுத்தம் மட்டும் துளியும் வேண்டாம். வாய் முன்னே போனால் நூலை வெட்டும். துணி கிழிவது பெரிதல்ல, நூலில் மாட்டிய வாய் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அடுத்த இழுப்பிலேயே கன்னம் எரியும். டர்க்கி டவலின் வளையங்களில் இப்படி மாட்டுவது அதிகம். பழைய வேட்டித் துணி உத்தமம். ஒரு மடிப்பில் முடி சேர்ந்ததும் அடுத்த மடிப்புக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

குழாயடியில் கழுவுவதென்றால் கத்தி நுனி கீழே சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் முதுகில் விழுந்து வாய் வழியாக நுனிப்பக்கம் ஓட வேண்டும். அலகையும் கைப்பிடியையும் சேர்க்கும் ஆணிப் பக்கம் ஏறக் கூடாது. குழாய் மூக்குக்கும் கத்திக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மக்கில் முக்குவதானால் எவர்சில்வர் வேண்டாம், அகலமான பிளாஸ்டிக் மக் போதும். உள்ளங்கையிலும் முழங்கையிலும் துடைப்பது கை பழகிய தொழிலாளியின் வித்தை. அதைப் பார்த்து நீங்கள் செய்ய வேண்டாம்.

கேள்வி: அலகை நன்றாகத் துடைத்துத்தான் வைக்கிறேன். ஆனாலும் ஆணியைச் சுற்றிப் பழுப்பாகத் துரு பிடிக்கிறது. (நாகப்பட்டினம்)

பதில்: கைப்பிடியின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள சந்தில் புகுந்த தண்ணீர் தானாக வெளியே வராது. மடக்கி வைத்தால் அந்த ஈரம் அங்கேயே தங்கும். டிஷ்யூ பேப்பரைத் திரியாக முறுக்கி ஆணியோரம் சந்துக்குள் விட்டு எடுங்கள். ஈரமில்லாமல் வரும்வரை திரியை மாற்றுங்கள். பிறகு ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கட்டும். மாதம் ஒருமுறை ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

உங்களுடையது கடலோர ஊர். கரிம எஃகு (கார்பன் ஸ்டீல்) கத்தியாக இருந்தால் குளியலறையில் வைக்கவே வைக்காதீர்கள். தினமும் எடுக்காத கத்திக்கு அலகு முழுதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். படிகாரம் தேய்த்த கையால் அலகைத் தொட வேண்டாம். படிகார நீர் அமிலத்தன்மை உள்ளது; புள்ளி விழும். அலகின் நடுவில் துரு என்றால் மெட்டல் பாலிஷில் போகும். வாயில் துரு என்றால் சாணைக்கல்தான்.

கேள்வி: சவரம் முடிந்த கையோடு வாரில் தீட்டி வைத்துவிடலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். மிச்சமிருக்கும் சோப்பும் ஈரமும் தோலில் ஏறி வாரைக் கெடுக்கும். கழுவி, காயவைத்து, வைத்துவிடுங்கள். அடுத்த சவரத்துக்கு முன், எண்ணெயைத் துடைத்துவிட்டு 40 முதல் 60 முறை போய்வந்தால் போதும்.

கேள்வி: வெந்நீரில் கழுவினால் கூர் போகுமா? (ஊட்டி)

பதில்: போகாது. கொதிநீரே 100 டிகிரிதான். எஃகின் பதம் குலைய அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். ஆனால் கைப்பிடி கொம்போ எலும்போ மரமோ என்றால் வெடிக்கும். வெந்நீர் அலகோடு நிற்கட்டும்.

கேள்வி: அண்ணனும் நானும் ஒரே கத்தி. டெட்டாலில் முக்கினால் போதாதா? (மதுரை)

பதில்: போதாது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலிலும் ரத்தம் ஒட்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடும். ஆணிச் சந்து வரை மருந்து சென்றதா என்று பார்க்கவும் வழியில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசல் கிருமியைக் கொல்லும், கத்தியையும் அரித்துவிடும். ஆளுக்கொரு கத்தி வாங்குங்கள். செலவு அதிகம் என்றால் சலூனில் போல பாதி பிளேடு மாட்டும் கத்தி இருக்கிறது. அதிலும் ஆளுக்கொரு பிடி, தனித்தனி பிளேடு. பிளேடை மாற்றும்போதெல்லாம் அது செருகும் பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாகத் தேய்த்துக் கழுவுங்கள். நுரையும் முடியும் ஒளிந்திருப்பது அங்கேதான்.