ஸ்ட்ரோப் அடிக்கிறது, ஆனால் படம் கறுப்பா?

தண்ணீருக்கடியில் படமெடுக்கும்போது ஸ்ட்ரோப் (கேமராவுக்கு வெளியே பொருத்தும் தனி ஃப்ளாஷ்) ஒழுங்காக அடித்தும் படம் இருட்டாக வருகிறது என்றால் அது பழுதில்லை நண்பரே, நிஜ ஃப்ளாஷுக்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சத்தை அளக்கக் கேமரா விடும் ப்ரீ-ஃப்ளாஷுக்கே ஸ்ட்ரோப் அடித்து முடித்துவிடுகிறது. கேமராவில் ஃப்ளாஷை ஆட்டோவிலிருந்து மாற்றி எப்போதும் அடிக்கும்படி வையுங்கள், ஸ்ட்ரோப்பில் ப்ரீ-ஃப்ளாஷைத் தாண்டிவிடும் மோடுக்குப் போங்கள். கேமராவில் மேனுவல் ஃப்ளாஷ் இருந்தால் இன்னும் நல்லது, ப்ரீ-ஃப்ளாஷே வராது; அப்போது ஸ்ட்ரோப்பில் அந்த மோடு வேண்டாம். கேமரா ஃப்ளாஷின் வெளிச்சத்தை ஸ்ட்ரோப்புக்குக் கொண்டுபோகும் ஃபைபர் கேபிளின் முனை அந்த ஃப்ளாஷுக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் பெங்களூரு வீட்டிலேயே விளக்கை அணைத்துச் சோதித்துவிடுங்கள், முருடேஷ்வரில் படகு ஏறிய பிறகு முடியாது. அப்புறம், டைவ் அடிக்கும் நேத்ராணித் தீவருகே தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஸ்ட்ரோப்பை லென்ஸிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள், இல்லாவிட்டால் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும்.