டிவி சத்தமும் ஒரு அடியும்

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, டவுன் சிண்ட்ரோம். கைக்குழந்தையிலேயே இதய ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. ஆயா அவனிடம் தமிழில் பேசுகிறார், நாங்கள் ஆங்கிலத்தில். பிள்ளை குழம்புகிறான், தமிழை நிறுத்துங்கள் என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தவா? கூப்பிட்டால் திரும்பமாட்டான், எல்லாவற்றிலும் அடம். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான், அப்பாவிடம் கையில் ஒன்று வாங்கினால்தான் நிறுத்துவான். அக்கா முகத்தைப் பிடித்துச் சொன்னால் மட்டும் கேட்பான்.
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நிறுத்த வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி பழகுகிறார்கள். ஒன்றை வெட்டினால் மற்றது தழைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆயாவின் வாயை அடைத்துவிட்டால், பகலெல்லாம் அவனோடு பேச யார் இருக்கிறார்கள்?

டிவிக்கு வருகிறேன். அரை வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். சத்தத்தைக் கூட்டுகிறவன், கூப்பிட்டால் திரும்பாதவன், முகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்கிறவன்: இப்படி ஒரு பிள்ளையிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது காதை. கடிதத்தில் இதயம் இருக்கிறது, காது என்ற பேச்சே இல்லை. உங்கள் மகள் கண்டுபிடித்ததை இரண்டு பெரியவர்கள் அடம் என்று பெயர் வைத்து அடித்திருக்கிறீர்கள். அடித்தது அவர்தானே என்று சொல்லாதீர்கள், பார்த்துக்கொண்டு இருந்தது நீங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குறுகலாக இருக்கும், அதைத் திறக்கும் தசையும் தளர்ந்திருக்கும். காற்று போகாமல் செவிப்பறைக்குப் பின்னால் பிசின் மாதிரி நீர் கட்டிவிடும். வலி இருக்காது, சீழ் வராது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சளி பிடித்தால் கேட்பது குறையும், தெளிந்தால் கூடும். "நேற்று கேட்டது, இன்று நடிக்கிறான்" என்ற பழி இப்படித்தான் வருகிறது. மெல்லிய ஒலிகளும் சொல்லின் கடைசி எழுத்தும் காதில் விழாதபோது அவன் எதைப் பார்த்துப் பேசுவான்?

கிளினிக்கில் விளக்கடித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இவர்களின் காதுத் துளை சிறியது, அழுக்கு அடைத்துக்கொண்டால் செவிப்பறையே தெரியாது. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சில நொடி வேலை, பிள்ளை அசையாமல் இருந்தால் போதும். அடுத்தது, ஒலி கேட்டதும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டுச் சோதனை. அதை ஒரு வாரம் வீட்டில் பழக்கிவிட்டுக் கூட்டிப்போனால் நல்லது. அதற்கும் ஒத்துழைக்காவிட்டால், தூங்கும்போது மூளையின் பதிலை அளக்கும் சோதனை இருக்கிறது.

நீர் இருந்தால் சுமார் மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பார்கள். வடியாவிட்டால் காதுக் கருவி, அல்லது செவிப்பறையில் வைக்கும் கிராமெட் என்ற சிறு குழாய். துளை குறுகலானதால் அதை வைப்பதும் சிரமம், சீக்கிரம் விழுந்தும்விடும். மயக்க மருந்து என்றால் இதய ஆபரேஷனைப் பற்றி மட்டுமல்ல, கழுத்தைப் பற்றியும் டாக்டரிடம் நினைவூட்டுங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் இவர்களுக்குத் தளர்ந்திருக்கலாம், அதிகம் வளைக்கக் கூடாது. பிறகு வருடம் ஒருமுறையாவது காதுச் சோதனை. தைராய்டு இரத்தச் சோதனையும் அப்படியே.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேசும்போது டிவியை அணையுங்கள். கை எட்டும் தூரத்தில், அவன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, சைகையோடு ஒரே ஒரு சிறு வாக்கியம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நான்கில் பொறுமையிழந்து மறுபடி சொல்கிறவர்கள்தான் அதிகம், அப்போது அவன் பாதி கோத்த பதிலும் கலைந்துவிடும். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். "தண்ணி", "ஆயா", "வா" என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி, அந்தப் பொருளையோ ஆளையோ காட்டும்போதே நீட்டுங்கள். பள்ளியில் முன்வரிசை கேளுங்கள்.

சோதனைக்கு அப்பா லீவு போட்டு அழைத்துப்போகட்டும். அடிக்க நேரம் இருந்தவருக்கு இதற்கும் இருக்கும். அந்த அறையில் ஒலி வந்தும் மகன் திரும்பாமல் இருந்தால், அதை அவரே பார்க்க வேண்டும். இதய ஆபரேஷன் கடிதத்தையும் பிள்ளையின் தடுப்பூசி, வளர்ச்சி விவரம் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தையும் மறக்காமல் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.