விமான மாடலுக்கு ஏர்பிரஷில் (பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் கருவி) பெயிண்ட் அடிக்கும்போது, என்95 மாஸ்க் மாட்டியும் தின்னர் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்) வாடை வருகிறதே?

என்95 மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. அது தூசியையும் பெயிண்ட் துளிகளையும் மட்டும்தான் பிடிக்கும். லாக்கர் தின்னரில் இருக்கும் டொலுயீன், அசிட்டோன் ஆவிகள் அதன் வழியே நேராக உள்ளே போய்விடும். விமான மாடலுக்கு ஏர்பிரஷ் அடித்த அரை மணியில் தலைவலி என்கிறீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (இத்தகைய ஆவிகளை உறிஞ்சும் கரி அடைத்த டப்பா) பொருத்திய ரப்பர் ஹாஃப் மாஸ்க், அதாவது மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க், வாங்குங்கள். அமெரிக்க வகையில் கார்ட்ரிட்ஜில் கறுப்பு நிறம், ஐரோப்பிய வகையில் பழுப்பு. அதன் முன்னால் துகள் ஃபில்டரும் வேண்டும்.

மாட்டியதும் இரண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். காற்று புகுந்தால் பட்டையை இறுக்குங்கள். தாடி இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சீல் ஆகாது, மழிக்கத்தான் வேண்டும்.

அப்புறம், வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். மேஜையில் கிடந்தாலும் அதிலுள்ள கரி ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாஸ்க்குக்குள் வாடை வந்தால் கார்ட்ரிட்ஜை உடனே மாற்றுங்கள்.

மாஸ்க் இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். டொலுயீன் ஆவி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு கனம், 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். பக்கத்தில் பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியக் கூடாது.

ஒன்று மட்டும்: ஐசோசயனேட் ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் ரசாயனம்) கலக்கும் 2கே பெயிண்டுக்கு, அதாவது இரண்டு பாகமாக வரும் பெயிண்டுக்கு, இந்த மாஸ்க்கை நம்பாதீர்கள். அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம்.