பிசிபி இல்லாமல் ஒரு கீபோர்டு: வாசகர் கேள்விகள்

மெக்கானிக்கல் ஸ்விட்ச்சுகளை பிசிபி (அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) எதுவும் இல்லாமல், கம்பியும் டையோடும் மட்டும் கொண்டு இணைத்து வீட்டிலேயே கீபோர்டு செய்வது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

முதன்முதலாகச் செய்யப் போகிறேன். நேராக 61 விசை கீபோர்டில் இறங்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?

இறங்கலாம். ஆனாலும் 17 விசை நம்பர்பேடில் தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு விசைக்கும் மூன்று சாலிடர் இணைப்பு வரும். 61 விசை என்றால் 183 இணைப்பு. கை பழகாத நேரத்தில் போட்ட முதல் முப்பது இணைப்புகளே பிற்பாடு தொல்லை தரும். நம்பர்பேடில் அந்த முப்பதையும் ஒரு மாலையில் பிரித்துச் சரிசெய்துவிடலாம்.

தேவையானவை: எம்எக்ஸ் வகை ஸ்விட்ச் 17 (கூடுதலாக மூன்று வைத்துக்கொள்ளுங்கள்), 1என்4148 டையோடு 25, 2யூ ஸ்டெபிலைசர், அதாவது இரு மடங்கு நீள விசை ஆடாமல் தாங்கும் சட்டம், மூன்று (பூஜ்யம், கூட்டல், என்டர்), ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் (எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் சின்னப் பலகை; புரோ மைக்ரோ, ராஸ்பெரி பை பிகோ போன்றது), மெல்லிய இன்சுலேஷன் கம்பி இரண்டு மீட்டர், 0.8 மி.மீ. தடிமனுள்ள 63/37 (தகரம் 63, ஈயம் 37 சதவீதம்) சாலிடர். கருவிகளில் வெப்பநிலையை மாற்றக்கூடிய சாலிடரிங் அயர்ன், டையோடு சோதனை உள்ள மல்டிமீட்டர், சின்ன கட்டர், ட்வீசர் நான்கும் கட்டாயம்.

ஸ்டெபிலைசர் வாங்கும்போது கவனம் தேவை. அதில் பிளேட்டில் (ஸ்விட்ச்சுகளைத் தாங்கும் தகட்டில்) பொருத்துவது, பிசிபியில் திருகுவது என்று இரண்டு வகை உண்டு. நம்மிடம் பிசிபி இல்லை என்பதால் பிளேட் வகைதான் உதவும். ஸ்விட்ச்சில் மூன்று கால், ஐந்து கால் என்ற வித்தியாசம் நமக்குப் பொருட்டில்லை. கூடுதலாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களும் பிசிபியில் பிடிமானத்துக்காக வைத்தவை.

பிளேட்டின் அளவுகள் என்ன? வீட்டில் 3டி பிரின்டர் இருக்கிறது.

ஸ்விட்ச் துளை 14 மி.மீ. சதுரம். அடுத்தடுத்த இரு விசைகளின் மையத்துக்கு மையம் 19.05 மி.மீ. தடிமன் 1.5 மி.மீ. மூன்றாவது அளவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்விட்ச்சின் இரு பக்கமும் உள்ள கொக்கி 1.5 மி.மீ. தகட்டைக் கவ்வுவதற்காக அமைந்தது. 3 மி.மீ. அக்ரிலிக்கில் கொக்கி விழாது. ஸ்விட்ச் உராய்வில்தான் நிற்கும், கீகேப்பைக் கழற்றினால் ஸ்விட்ச்சும் சேர்ந்து வந்துவிடும். பிசிபி வைத்த கீபோர்டில் சாலிடர் அதைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்த இழுப்பு முழுவதும் டையோடு கால் மீதும் கம்பி மீதும் விழும்.

பிரின்டரில் செய்வதானால் துளையைச் சுற்றி 1.5 மி.மீ., துளைகளுக்கு நடுவே அடிப்பக்கம் கூடுதலாக 2 மி.மீ. விலா எலும்பு போல வைத்து வரையுங்கள், தகடு வளையாது. முழுத் தகட்டையும் அச்சிடும் முன் இரண்டு துளை மட்டும் உள்ள துண்டு ஒன்றை அச்சிட்டு ஸ்விட்ச்சைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிரின்டருக்கும் துளை கொஞ்சம் சுருங்கும், 14.0 என்று வரைந்தது 13.8 ஆக வந்தால் ஸ்விட்ச் நுழையாது. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால் அயர்னின் பக்கவாட்டு தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விசைக்கும் டையோடு எதற்கு? விட்டுவிட்டால் என்ன ஆகும்?

விசைகளைக் கிடைவரிசை, நெடுவரிசை என்று கட்டமாக (மேட்ரிக்ஸ்) இணைக்கிறோம். அதில் ஒரு சதுரத்தின் நான்கு மூலையிலும் நான்கு விசைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மூன்றை ஒரே நேரத்தில் அழுத்தினால் மின்சாரம் அந்த மூன்றின் வழியாகச் சுற்றிவந்து நான்காவது விசையின் வரிசையையும் தொட்டுவிடும். கன்ட்ரோலருக்கு நான்கும் அழுத்தப்பட்டதாகத் தெரியும். தொடாத எழுத்து திரையில் வரும். கோஸ்டிங் என்பது இதுதான். டையோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதால் அந்தச் சுற்றுவழி அடைபடுகிறது.

நான்கைந்து விசை மட்டுமுள்ள மேக்ரோ பேடில் ஒவ்வொரு விசைக்கும் கன்ட்ரோலரில் தனித்தனி பின் (இணைப்பு முனை) கொடுத்துவிட்டால் டையோடு தேவையில்லை.

புரோ மைக்ரோவில் 18 பின்தான் இருக்கிறது. என் 61 விசை வடிவத்துக்கு 5 கிடைவரிசை, 14 நெடுவரிசை என 19 பின் கேட்கிறது. ஒரே ஒரு பின்னுக்காக வேறு கன்ட்ரோலர் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. விசைகள் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒழுங்கும் மின்சுற்றில் அவை இணையும் ஒழுங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஐந்து கிடைவரிசைகளையும் நடுவில் வெட்டிவிடுங்கள். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து, ஆகப் பத்து வரிசை. பிறகு முதல் நெடுவரிசையை எட்டாவதோடும், இரண்டாவதை ஒன்பதாவதோடும், இப்படியே ஏழாவதைப் பதினான்காவதோடும் கம்பியால் சேருங்கள். பத்தும் ஏழும் 17 பின். 70 விசை வரை இடம் கிடைக்கும், ஒரு பின் மிச்சமும் இருக்கும்.

இதைக் காகிதத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் விசையின் பெயரை எழுதி முடித்த பிறகே அயர்னைச் சூடாக்குங்கள். அந்தக் காகிதம்தான் பின்னால் ஃபர்ம்வேர் (கன்ட்ரோலரில் ஏற்றும் நிரல்) எழுதவும் பழுது தேடவும் உதவும். அது இல்லாமல் தொடங்குகிறவர்கள் நாற்பதாவது விசையில் குழம்பி நிற்பார்கள்.

இன்னும் கன்ட்ரோலர் வாங்கவில்லை என்றால் ராஸ்பெரி பை பிகோவை எடுங்கள். 26 பின் இருப்பதால் இந்தக் கணக்கே வேண்டாம். மேட்ரிக்ஸுக்குத் தனியாக ரெசிஸ்டர் எதுவும் வேண்டியதில்லை; இரண்டு கன்ட்ரோலரிலும் உள்ளேயே புல்-அப் ரெசிஸ்டர் உண்டு.

சாலிடர் வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஸ்டெபிலைசர், அதற்குத் தேவையான கிரீஸ் உட்பட. கம்பி போட்ட பிறகு அதைக் கழற்றிச் சீர்செய்வது பெரும்பாடு. அடுத்து ஸ்விட்ச்சுகள், எல்லாவற்றிலும் உலோகக் கால்கள் ஒரே பக்கம் பார்த்தபடி. தளர்வாக இருப்பவற்றின் மூலையில் சூடான பசை ஒரு சொட்டு விடுங்கள்.

இப்போது தகட்டைக் கவிழ்த்துப் போட்டு டையோடுகளுக்கு வாருங்கள். டையோடில் கறுப்பு வளையம் உள்ள முனை கேதோடு. வளையமில்லாத முனையின் காலை ஸ்விட்ச்சின் ஒரு காலில் ட்வீசரால் ஒரு சுற்றுச் சுற்றி சாலிடர் செய்து, மிச்சத்தை வெட்டுங்கள். வளையம் ஸ்விட்ச்சை விட்டு விலகிப் பார்க்கும். எல்லா விசையிலும் ஸ்விட்ச்சின் அதே காலில், அதே திசையில். பிறகு வளையப் பக்கத்துக் காலைச் செங்கோணத்தில் மடித்துப் பக்கத்து டையோடின் மடிப்பு மேல் படுக்க வையுங்கள். கால்களே ஒன்றோடொன்று தொட்டுக் கிடைவரிசைக் கம்பியாகிவிடும், தனிக் கம்பி தேவைப்படாது. ஸ்பேஸ் பார் போன்ற அகல விசைகளுக்குப் பக்கத்தில் மட்டும் கால் எட்டாது. அங்கே வெட்டிப்போட்ட கால் துண்டு ஒன்றை இடையில் சேருங்கள்.

நெடுவரிசைகளுக்கு இன்சுலேஷன் உள்ள கம்பிதான் வேண்டும், ஏனென்றால் அது வெற்றுக் கிடைவரிசைகளைக் கடந்து போகிறது. ஒற்றை இழைக் கம்பி வளைத்த இடத்தில் நிற்கும், வேலைக்கு அதுவே சுகம். ஒவ்வொரு ஸ்விட்ச் வரும் இடத்திலும் 3 மி.மீ. அளவுக்கு உறையை நீக்கி, ஸ்விட்ச்சின் மற்றக் காலோடு சேருங்கள். பிவிசி உறை சூட்டில் சுருங்கும் என்பதால் 3 மி.மீ. நீக்கியது சாலிடர் முடிந்ததும் 5 மி.மீ. ஆகியிருக்கும். அதை எதிர்பார்த்துக் குறைவாகவே நீக்குங்கள்.

அயர்ன் 340 டிகிரி. முனையைக் காலிலும் கம்பியிலும் ஒருசேர வைத்து, ஒரு நொடி கழித்து சாலிடரை இணைப்பில் கொடுங்கள், அயர்ன் முனையில் அல்ல. மொத்தம் இரண்டு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் வைத்தால் ஸ்விட்ச்சின் அடிப்பாகம் இளகி, கால் சாயும். உள்ளே தொடுதகடு நகர்ந்து ஸ்விட்ச் செத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு, ஆற விட்டு, ஃபிளக்ஸ் (சாலிடர் ஒட்ட உதவும் பசை) தடவி மறுபடி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்திருங்கள், ஃபிளக்ஸ் புகை மூச்சுக்குழலை உறுத்தும். 63/37 சாலிடரில் ஈயம் இருப்பதால், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மீட்டரால் சோதியுங்கள். எல்லாம் முடித்துவிட்டு மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் இந்த வேலையில் மிக அதிகமான நேரத்தைத் தின்கிறது.

அப்படித்தான் சோதித்தேன். விசையை அழுத்தினாலும் மீட்டர் பீப் அடிக்கவில்லை. எல்லாமே தவறா?

பெரும்பாலும் எதுவுமே தவறாக இருக்காது. டையோடு வழியாகப் பல மீட்டர்களில் பீப் வராது. மீட்டரை டையோடு சோதனைக்கு மாற்றி, சிவப்பு முனையை நெடுவரிசையிலும் கறுப்பு முனையைக் கிடைவரிசையிலும் வைத்து விசையை அழுத்துங்கள். 0.6 வோல்ட் அளவில் காட்டினால் சரி. அழுத்தாமலே காட்டினால் ஸ்விட்ச்சின் இரு கால்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. முனைகளை மாற்றி வைத்தால் மட்டும் காட்டுகிறது என்றால் அந்த டையோடு தலைகீழ்.

61 டையோடையும் ஒரே மாதிரித் தலைகீழாகப் போட்டுவிட்டேன்!

ஒன்றையும் கழற்றாதீர்கள். ஃபர்ம்வேரில் டையோடு திசையை கால்2ரோ (COL2ROW, நெடுவரிசையிலிருந்து கிடைவரிசைக்கு) என்பதிலிருந்து ரோ2கால் (ROW2COL) என்று மாற்றினால் போதும். ஒன்றிரண்டு மட்டும் தலைகீழ் என்றால்தான் அயர்னை எடுக்க வேண்டும்.

கியூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரை ஏற்றியாயிற்று. இடக்கோடி விசையை அழுத்தினால் வலக்கோடி எழுத்து வருகிறது.

கம்பி போட்டபோது தகடு கவிழ்ந்திருந்தது. அடியிலிருந்து பார்க்கையில் முதல் நெடுவரிசையாகத் தெரிவது மேலிருந்து பார்த்தால் கடைசி. கீபோர்டு.ஜேசன் கோப்பில் நெடுவரிசைப் பின்களின் பட்டியலைக் கடைசியிலிருந்து முதலாக எழுதி மறுபடி ஏற்றுங்கள். கம்பியைத் தொட வேண்டாம்.

அதே கோப்பில் இன்னொரு பொறியும் உண்டு. புரோ மைக்ரோ பலகையில் அச்சிட்ட எண்ணும் கியூஎம்கே எதிர்பார்க்கும் பெயரும் வேறு. பலகையில் 2 என்றிருப்பது டி1, 3 என்பது டி0, 4 என்பது டி4, 5 என்பது சி6. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். பிகோவில் இந்தக் குழப்பம் இல்லை, ஜிபி0 என்றால் ஜிபி0தான்.

சில விசைகள் மட்டும் கோளாறு செய்கின்றன. எங்கிருந்து தேடுவது?

கோளாறின் வடிவத்தைப் பாருங்கள், அதுவே இடத்தைச் சொல்லும்.

ஒரே ஒரு விசை செத்திருந்தால் அதன் டையோடு திசை, அல்லது மேற்பரப்பு மங்கி உருண்டையாக நிற்கும் குளிர் இணைப்பு. ஒரு வரிசை முழுவதும் செத்திருந்தால் அந்த வரிசையிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் கம்பி, அல்லது கோப்பில் பின் பெயர். வரிசையின் பாதியிலிருந்து செத்திருந்தால் உயிரோடுள்ள கடைசி விசைக்கும் செத்த முதல் விசைக்கும் நடுவில் இணைப்பு விட்டிருக்கிறது. ஒரு விசையை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து வந்து, அது எல்லா வரிசையிலும் நடந்தால், இரண்டு நெடுவரிசைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மேலும் கீழுமாக ஜோடி சேர்ந்தால் இரண்டு கிடைவரிசைகள்.

கண்டுபிடிக்கக் கடினமானது ஒன்று உண்டு. தனித்தனியாக அழுத்தினால் எல்லாம் சரி. வேகமாகத் தட்டும்போது மட்டும் அழுத்தாத எழுத்து நுழைகிறது. எங்கோ ஒரு கிடைவரிசைக் கம்பி நேராக ஸ்விட்ச்சின் காலைத் தொட்டு டையோடைத் தாண்டிப் போகிறது, அல்லது சூட்டில் டையோடு ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. முனைகளை மாற்றி வைத்து ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு திசையிலும் மீட்டர் காட்டும் விசைதான் குற்றவாளி.

ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழுந்தால் அது ஸ்விட்ச்சின் தொடுதகடு துள்ளுவது. கியூஎம்கேயில் டிபவுன்ஸ் (அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடும் நேரம்) 5 மில்லிநொடி என்றிருக்கும். 8 அல்லது 10 ஆக்குங்கள். அதற்கும் அடங்காத ஸ்விட்ச்சை மாற்றிவிடுங்கள்.

கணினியில் எதுவுமே தெரியவில்லை. கன்ட்ரோலர் போய்விட்டதா?

முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிளில் டேட்டா கம்பிகளே இருக்காது. பிகோ என்றால் பூட்செல் பட்டனை அழுத்தியபடி செருகினால் ஒரு டிரைவாகத் தெரிய வேண்டும். புரோ மைக்ரோ என்றால் ரீசெட் பின்னை கிரவுண்டோடு சட்டென்று இருமுறை தொட வையுங்கள். அதன்பின் எட்டு நொடிதான் அவகாசம், ஏற்றும் கட்டளையை முன்பே தட்டி வைத்திருங்கள்.

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவன் நான். அதற்கென்றே ஒரு கீபோர்டு செய்ய முடியுமா? ஃபர்ம்வேரில் தமிழ் எழுத வேண்டுமா?

வேண்டாம். கீபோர்டு கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை என்ற எண்ணை மட்டுமே அனுப்புகிறது. எச் விசையின் எண் போனால், தமிழ்99 தேர்ந்தெடுத்திருக்கும் கணினி அதைக் ககரமாக்கிக்கொள்ளும். ஆகவே வழக்கமான ஆங்கிலக் கீமேப்பே போதும்.

ஆனால் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் குறுக்கே வரும். நாற்பது சதவீதம் என்று சொல்லப்படும் சின்ன கீபோர்டுகளில் வலது ஓரத்து நிறுத்தற்குறி விசைகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். தமிழ்99இல் அங்கேதான் ந, ய, ச, ஞ, ழ உட்கார்ந்திருக்கின்றன: அரைப்புள்ளியில் ந, ஒற்றை மேற்கோளில் ய, இரு சதுர அடைப்புகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. இவற்றை இன்னொரு லேயருக்கு (வேறொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் வரும் அடுக்குக்கு) தள்ளினால் ஒவ்வொரு யகரத்துக்கும் இரண்டு விசை அழுத்த நேரும். வேறு எதைக் குறைத்தாலும் இந்த ஐந்து விசைகளையும் அவற்றின் இடத்திலேயே வைத்துப் பிளேட் வரையுங்கள்.

பெட்டிக்குள் வைத்து மூடியதும் பாதி விசைகள் வேலை செய்யவில்லை. திறந்தால் சரியாகிவிடுகிறது.

கன்ட்ரோலரின் அடிப்பக்கம் ஸ்விட்ச் கால்களிலோ டையோடு வரிசையிலோ உட்காருகிறது. கன்ட்ரோலருக்குக் கீழே கேப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) இரண்டு அடுக்கு ஒட்டி, பெட்டியின் அடியில் 3 மி.மீ. தூண்கள் வைத்து அதன்மேல் பொருத்துங்கள். கம்பிகளை இழுத்துக் கட்டாமல் ஒரு விரல் அகலம் தளர்வு விடுங்கள், மூடும்போது இணைப்புகள் இழுபடாது. யுஎஸ்பி போர்ட்டைப் பெட்டிச் சுவரே தாங்கும்படி துளையை அளந்து வெட்டுங்கள். புரோ மைக்ரோவின் மைக்ரோ யுஎஸ்பி போர்ட் பலகையின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருப்பது. கேபிளைப் பக்கவாட்டில் சில முறை இழுத்தாலே தாமிரத் தடத்தோடு பெயர்ந்து வந்துவிடும்.