கேட்டனரின்னா என்ன?

கேள்வி: ரயில் பாதைக்கு மேல போற கரண்ட் கம்பியைப் பத்திப் படிக்கும்போது கேட்டனரின்னு ஒரு வார்த்தை வந்துச்சு. அது கம்பியோட பேரா, வளைவோட பேரா?

பதில்: ரெண்டும்தான், ஆனா முதல்ல அது வளைவோட பேரு. ஒரு சங்கிலியை ரெண்டு முனையிலயும் புடிச்சு தொங்கவிட்டா, அதோட சொந்த எடையாலயே ஒரு வளைவு விழும் பாருங்க, அதான் கேட்டனரி, லத்தீன்ல கேட்டினான்னா சங்கிலி. பார்க்க பரவளையம் (சாய்வா மேல எறிஞ்ச கல்லு போற வளைவு) மாதிரியே இருக்கும், ஆனா வேற. அதோட சரியான கணக்கை 1691ல லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூணு பேரும் போட்டுக் காட்டினாங்க.

இதைத் தலைகீழா கவுத்தா அருமையான ஆர்ச் கிடைக்கும், எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே இதான். சங்கிலியில இருக்குறது வெறும் இழுவிசை, கவுத்தா அது அப்படியே அமுக்குவிசையா மாறிடும், கல்லும் செங்கல்லும் அமுக்கத்தை நல்லாவே தாங்கும், இழுத்தாதான் விட்டுடும். பார்சிலோனா பக்கத்துல ஒரு சர்ச்சுக்கு கௌடின்னு ஒரு ஸ்பெயின் கட்டடக் கலைஞர் நூல்ல குட்டிக் குட்டிப் பையா கட்டி, உள்ள ஈயக் குண்டு போட்டு தொங்கவிட்டு, அதை போட்டோ எடுத்துக் கவுத்து வச்சுப் பார்த்துத்தான் வடிவமே முடிவு பண்ணார்!

ரயில்ல மேல தொய்வா போறது கேட்டனரி கம்பி. அதுலருந்து தொங்குற சின்னக் கம்பிகள்தான் கீழ இருக்குற கான்டாக்ட் கம்பியை மட்டமா புடிச்சிருக்கு, எஞ்சினோட பான்டோகிராஃப் (கூரை மேல இருந்து கரண்ட் எடுக்குற கை) உரசுறது அந்தக் கீழ்க்கம்பியிலதான்.

தொங்குபாலத்தோட பெரிய கேபிளுக்கு மட்டும் இந்தப் பேரை வைக்காதீங்க, பாலத்தோட பாரம் சமமா பரவுறதால அது பரவளையத்துக்குத்தான் கிட்ட வரும்.