அலமாரியில் இருக்கும் அட்டை

கேள்வி: கணவரின் வேலைக்காக 2014 முதல் 2019 வரை ஜப்பானில், ஹமாமட்சு நகரில் இருந்தோம். மகன் அங்கேதான் பிறந்தான். கீழ்வீட்டுத் தாத்தாவும் பாட்டியும்தான் எனக்கு அந்த மொழியைப் பேசப் பழக்கினார்கள். மகனின் முதல் வருட மே மாதத் திருவிழாவில் அவன் பெயர் எழுதிய பெரிய பட்டத்தைத் தாத்தாதான் ஏற்பாடு செய்து பறக்க வைத்தார். இப்போது கோவையில் இருக்கிறோம். மொழி கைநழுவிப் போகிறதே என்று தவிப்பாக இருக்கிறது. தினமும் இரவு இரண்டு மணி நேரம் ஜப்பானிய சீரியல் பார்க்கிறேன், ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் எளிய நடைச் செய்திகளைப் படிக்கிறேன், போனில் மூன்று செயலிகள் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஏதோ குறைகிறது. பாட்டி வாக்கியத்தின் முடிவில் 'தரா' என்று இழுப்பார், அது எதிலும் வருவதில்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்-2 நிலையை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. பாட்டி வருடா வருடம் புத்தாண்டு அட்டை அனுப்புவார். என் கையெழுத்து அசிங்கமாக இருக்குமே என்று மூன்று வருடமாக நான் பதில் போடவில்லை. போன டிசம்பர் முதல் வாரமே ஒன்று வந்தது. வழக்கமான வண்ணப் படம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பூ, நாலு வரி அச்சு. கடினமான எழுத்துகள். என்-2 முடித்ததும் படிக்கலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன். மாமியார் "நம்ம பாஷை இருக்கறப்ப இது எதுக்கு?" என்கிறார். ஒன்பது வயது மகனுக்கு ஆர்வமே இல்லை. அந்தக் கலாசாரத்தோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க இன்னும் என்ன பார்க்கலாம்? மகனை வகுப்பில் சேர்க்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: சகோதரி, நான் சீரியல் பட்டியல் தரப்போவதில்லை. நாலாவதாக ஒரு செயலியின் பெயரும் சொல்லப்போவதில்லை. கொரிய நாடகம் பார்த்து அந்த மொழியில் விழுந்தவர்கள், பிரெஞ்சு படித்துவிட்டுப் பேச ஆளில்லாமல் தவிப்பவர்கள் என்று இதே ஏக்கத்தோடு எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு அட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு மற்றது எதுவும் என் மனதில் நிற்கவில்லை.

போய் அந்த அட்டையை எடுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அது புத்தாண்டு அட்டை இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது 'மோச்சூ ஹகாகி'. துக்க அட்டை. ஜப்பானில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் அடுத்து வரும் புத்தாண்டுக்கு அந்த வீட்டார் யாருக்கும் வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். 'எங்கள் வீட்டில் இன்னார், இத்தனை வயதில், இந்த மாதம் காலமானார். அதனால் இந்த முறை புத்தாண்டு வாழ்த்து சொல்ல இயலவில்லை' என்று முன்கூட்டியே தெரிவிப்பார்கள். மற்றவர்கள் வாழ்த்து எழுத உட்காருவதற்குள் சேதி போய்ச் சேர வேண்டும். அதனால்தான் அந்த அட்டை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் வரும். வண்ணப் படம் ஏன் இல்லை, ஏன் முதல் வாரமே வந்தது என்று இப்போது புரிகிறதா?

என் தங்கை குடும்பம் யோகோஹாமாவில் பதினோரு வருடம் இருந்தது. முதல் வருடங்களில் இப்படி ஒரு அட்டை அவள் வீட்டுக்கும் வந்தது. அவளும் புரியாமல், அந்தத் துக்க வீட்டுக்கு 'இனிய புத்தாண்டு' என்று பளபளப்பாக ஒன்று அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டம்மா சொல்லித் தெரிந்துகொண்ட அன்று என்னோடு போனில் பேசும்போது அவளுக்குக் குரலே எழவில்லை. மறுநாள் காலை கணவனோடு ரயில் ஏறி, அந்த வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். அவள் செய்தது தெரியாமல் செய்த தவறு. ஆனாலும் அவள் அட்டையைக் கையில் எடுத்தாள், ஏதோ ஒரு பதில் போட்டாள்.

உங்கள் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. தாத்தாவாக இருக்கலாம். பாட்டியின் அக்கா தங்கை யாராவது இருக்கலாம். கீழே அனுப்பியவர் பெயர் ஒன்றா, இரண்டா? நீங்கள் எழுதவில்லை. பார்த்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

நம் ஊரில் ஒரு காலத்தில் ஓரத்தில் கருப்பு மை தடவிய கார்டு வந்தால் வாசலிலேயே நின்று படிப்பார்கள். படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புவார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆகணும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். அந்த நீங்கள் இழவுச் சேதியை இத்தனை மாதமாகப் படிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள்.

'கடினமான எழுத்து' என்கிறீர்கள். சகோதரி, போன் கேமராவைக் காட்டினால் நாலு வரியையும் நொடியில் சொல்லிவிடும். மூன்று செயலி வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். படித்தால் பதில் எழுத வேண்டி வருமே, அதுதான் காரணம். மூன்று வருடக் கூச்சம் குறுக்கே நின்றது. சீரியல் உங்களிடம் பதில் கேட்காது. செயலியில் பிழை செய்தால் இன்னொரு முறை அழுத்திக்கொள்ளலாம். பாட்டி அப்படி இல்லை. கூப்பிட்டால் நீங்கள் 'ஏன்' என்று கேட்க வேண்டும். யாரும் கூப்பிடாத இடமாகப் பார்த்து நீங்கள் இரவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்குக் கலாசாரத் தொடர்பு என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

இன்னொன்றையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. துக்க அட்டையை ஊருக்கெல்லாம் அனுப்புவதில்லை. யாரோடு புத்தாண்டு வாழ்த்துப் பழக்கம் உண்டோ, யாரிடமிருந்து வாழ்த்து வரும் என்று நினைக்கிறார்களோ, அவர்களுக்கே அனுப்புவார்கள். மூன்று வருடம் உங்களிடமிருந்து ஒரு வரி போகவில்லை. இருந்தும், சாவு விழுந்த வீட்டில் விலாசங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பாட்டி உங்கள் பெயரைத் தாண்டிப் போகவில்லை. இந்த வருடமாவது அந்தப் பெண் எழுதுவாள் என்று நினைத்திருக்கிறார். அங்கேயே அட்டைப் பழக்கம் தேய்ந்துகொண்டு வருகிறது. 2004-ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு 440 கோடிக்கும் மேல் அச்சடித்தார்கள். இப்போது அதில் சிறு பங்குதான். 2024 அக்டோபரில் உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணமும் 63 யென்னிலிருந்து 85 யென்னாக ஏறிவிட்டது. 'இதுவே கடைசி, இனி அனுப்புவதாக இல்லை' என்று எழுதிப் பழக்கத்தை முடித்துக்கொள்ளும் முதியவர்கள் நிறைய. உங்கள் பாட்டி அப்படிச் செய்யவில்லை. கடல் கடந்து கோவைக்கு எழுதியிருக்கிறார்.

என்-2 தேர்வு விஷயம். ஜேஎல்பிடியில் எந்த நிலையிலும் கையால் எழுதிக் காட்டும் தேர்வும் கிடையாது, பேச்சுத் தேர்வும் கிடையாது. கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்து கட்டத்தை நிரப்புவதுதான். உச்ச நிலையான என்-1 வரை தேறினாலும் ஒரு வரிகூடக் கையால் எழுதாமலே தேறிவிடலாம். அது குறை இல்லை, அந்தத் தேர்வின் வேலை அவ்வளவுதான். நீங்கள் அதை முடித்த பிறகு பாட்டியின் அட்டையைப் படிப்பேன் என்கிறீர்கள், பதில் எழுதுவதும் அதற்கப்புறம்தான். எழுத வைக்காத ஒரு பரீட்சை உங்களை எப்படி எழுத வைக்கும்?

அந்த 'தரா' எதிலும் வருவதில்லை என்றீர்களே, சரியாகத்தான் சொன்னீர்கள். அது உங்கள் ஹமாமட்சு பக்கத்துப் பேச்சு. நம் 'இல்லையா?' போல ஒரு இழுப்பு. சீரியல்களில் பெரும்பாலும் டோக்கியோ பாஷைதான் கேட்கும். நீங்கள் ஜப்பானிய மொழிக்காக ஏங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏங்குவது ஒரு கிழவியின் குரலுக்கு. அது எந்தச் சந்தாவிலும் கிடைக்காது.

வெளியே கிளம்பும்போது 'இத்தே கிமஸ்' என்று சொல்ல அந்தப் பாட்டி உங்களைப் பழக்கியிருப்பார். போய், வருகிறேன். நம் 'போயிட்டு வர்றேன்' அப்படியே அங்கே இருக்கிறது. அவரும் 'இத்தேரஷ்ஷாய்', போயிட்டு வாங்க, என்று சொல்லி அனுப்பியிருப்பார். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல வருடம் உழைத்து எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உங்களுக்கு அந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை, உறவு கீழ்வீட்டிலேயே கிடைத்தது. 2019-இல் ஊருக்குக் கிளம்பும்போது அவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

மாமியார் பேச்சை ஒதுக்காதீர்கள். நீங்கள் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிப்பதைத்தான் அவர் பார்க்கிறார், 'இது எதுக்கு' என்று கேட்கத்தான் செய்வார். அட்டையை அவரிடம் காட்டுங்கள். பேரன் பெயரை வானத்தில் பறக்கவிட்ட வீட்டில் சாவு, ஒரு வருடம் அவர்களுக்குப் பண்டிகை இல்லை என்று சொல்லுங்கள். வருஷம் திரும்பாத வீட்டில் பொங்கல் வைக்காத வழக்கம் அவருக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதில் போட்டியா என்று அவரே உங்களைக் கேட்பார் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் போனில் அட்டையைப் படித்துச் சேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அகராதியை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நீங்களே படியுங்கள். இறந்தவர் பெயரும் வயதும் உங்கள் வாயால் வர வேண்டும்.

துக்க அட்டைக்குப் பதில் எழுத அவர்களிடம் ஒரு பருவமே உண்டு. ஜனவரி 7 கழிந்து, பிப்ரவரி 4 வாக்கில் அவர்களுடைய வசந்தம் தொடங்கும்வரை. அது போய்விட்டது. அதற்காக அடுத்த வருடம்வரை தள்ளாதீர்கள். துக்கம் விசாரிக்கப் பிந்திப் போனாலும் போகத்தான் வேண்டும். இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து வணங்கும் ஓபோன் நாட்கள் ஊரைப் பொறுத்து ஜூலை நடுவிலோ ஆகஸ்ட் நடுவிலோ வரும். இறப்புக்குப் பின் வரும் முதல் ஓபோன் பெரிதாகக் கருதப்படுவது. இந்த வாரமே தபாலில் சேர்த்தால் அடுத்து வரும் ஓபோனுக்கு முன் கிடைக்கலாம்.

வெள்ளைத் தாள், கருப்பு மை, ஒரு பக்கம் போதும். தெரிந்த கான்ஜியை, அந்தக் கடினமான சீன வழி எழுத்துகளை, எழுதுங்கள், தெரியாததை ஹிரகானா என்ற எளிய ஒலியெழுத்தில் எழுதுங்கள். வாழ்த்துச் சொல் எதுவும் வரக்கூடாது. 'மீண்டும் மீண்டும்', 'அடிக்கடி' என்ற பொருளில் இரட்டித்து வரும் சொற்களையும் துக்கக் கடிதத்தில் தவிர்ப்பார்கள், துக்கம் இன்னொரு முறை வந்துவிடக் கூடாதே என்று. சாவு வீட்டில் நாம் 'போயிட்டு வர்றேன்' சொல்லாமல் எழுந்து வருவோமே, அதே மனசு. மூன்று வருடம் ஏன் எழுதவில்லை என்று நீட்டி விளக்காதீர்கள், மன்னிப்புக்கு ஒரு வரி போதும். மிச்ச இடம் முழுக்க இறந்தவரைப் பற்றி உங்களுக்கு என்ன நினைவோ அதை எழுதுங்கள். தாத்தாதான் என்றால் நகதஜிமா மணல்மேட்டில் பட்டம் ஏறிய அந்த நாளை எழுதுங்கள். காற்று எப்படி இருந்தது, யார் யார் கயிறு பிடித்தார்கள், குழந்தை யார் தோளில் இருந்தான். பாட்டிக்கு அதைத் திரும்பக் கேட்க வேண்டும் போலிருக்கும்.

கையெழுத்து அசிங்கம் என்கிறீர்களே, உங்கள் குழறல் பேச்சை ஐந்து வருடம் கேட்டவர் அவர். கோணல் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்.

மகனை வகுப்பில் சேர்க்க வேண்டாம், இப்போதைக்கு. ஹமாமட்சுவில் மே 3 முதல் 5 வரை நடக்கும் அந்தத் திருவிழாவில் தலைப்பிள்ளையின் பெயரைப் பட்டத்தில் எழுதி, தெருக்காரர்கள் கூடி ஏற்றுவார்கள் என்று அவனுக்குச் சொன்னீர்களா? கடல் காற்றில் அவன் பெயர் பறந்தது என்று அவனுக்குத் தெரியுமா? படம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். அன்று பட்டத்தில் இருந்த அதே எழுத்துகளில், உங்கள் கடிதத்தின் அடியில், அவன் பெயரை அவனே எழுதட்டும். அவனுடைய இப்போதைய போட்டோ ஒன்றையும் உள்ளே வையுங்கள்.

விலாசம் அந்த அட்டையிலேயே இருக்கிறது.